ரஷ்ய குரூஸ் ஏவுகணைச் செய்திகளைப் படிப்பது எப்படி?

உக்ரைன் மீது ரஷ்யா ஏவுகணை வீசிய எந்த இரவானாலும் சரி, மறுநாள் காலையில் இரண்டு கணக்கு வந்து நிற்கும். குறிவைத்த இடங்கள் அனைத்தும் தாக்கப்பட்டுவிட்டன என்பது மாஸ்கோ கணக்கு. வந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சுட்டு வீழ்த்திவிட்டோம் என்பது கீவ் கணக்கு. நம் ஊர் டிவியில் இதில் ஒன்று ஓடும், யூடியூபில் மற்றொன்று ஓடும். இந்தப் போரைப் புதிதாகப் பின்தொடர்பவர் கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார், இல்லையென்றால் "எல்லாரும் புளுகுகிறார்கள்" என்று விட்டுவிடுவார்.

இரண்டுமே அவசரம். இந்தக் கணக்குகளைப் பிரித்துப் பார்க்க ராணுவப் படிப்பு வேண்டாம். சில கேள்விகளை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தெரிந்தால் போதும். நான் பார்த்தவரை, நேருக்கு நேர் மோதுவதாகத் தெரிகிற இரண்டு கூற்றுகள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அப்பட்டமான பொய்யும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கவும் முதலில் கேள்விகளைப் பிரித்தாக வேண்டும்.

முதல் படி: ஏவுகணையின் பெயர்

"ரஷ்ய ஏவுகணை" என்று மட்டும் சொல்கிற செய்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குரூஸ் ஏவுகணைக்கு இறக்கை உண்டு. வழி நெடுக இன்ஜின் இயங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் திசை மாறலாம், பல ரகங்கள் தரையை ஒட்டியே பறக்கும். பாலிஸ்டிக் ஏவுகணை ராக்கெட் வேகத்தில் உயரே போய் இலக்கின் மேல் இறங்கும். இரண்டையும் சுடும் முறை வேறு, சுடும் ஆயுதமும் பெரும்பாலும் வேறு.

புதிதாக வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்கள் அதிகமில்லை. கேஎச்-101 என்பது டியூ-95, டியூ-160 ரகக் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஏவப்படுவது. ஒலியைவிடக் குறைந்த வேகம், தொலைதூரம் போகும். காலிபர், கப்பலிலிருந்தும் நீர்மூழ்கியிலிருந்தும் வருவது. தரைத்தாக்குதல் காலிபரின் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இஸ்கந்தர்-கே தரையில் நிற்கும் வண்டியிலிருந்து கிளம்பும் குரூஸ். பெயர் ஒற்றுமையால் இதைப் பாலிஸ்டிக் ரகமான இஸ்கந்தர்-எம் உடன் குழப்புவது தினமும் நடக்கிறது. ஓனிக்ஸ், ஒலியைவிட வேகமான கப்பல் எதிர்ப்பு ஏவுகணை. கேஎச்-22, விமானந்தாங்கிக் கப்பலை அடிப்பதற்காக 1960களில் சோவியத் காலத்தில் வந்தது. ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்தோடு அதிவேகத்தில் வரும், ஆனால் நகரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைக் குறிபார்த்து அடிக்கிற சாமான் அல்ல. அடிக்கடி குரூஸ் என்று எழுதப்படும் கின்சல் உண்மையில் விமானத்திலிருந்து ஏவப்படும் பாலிஸ்டிக். அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பெயர் தெரிந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். உக்ரைன் ராணுவத் தளபதி சிர்ஸ்கி 2024 ஆகஸ்ட் 20 அன்று போர் தொடங்கியதிலிருந்து சேர்த்து வைத்த ஒரு கணக்கை வெளியிட்டார். எல்லா ஏவுகணைகளையும் கூட்டினால் சுட்டு வீழ்த்தியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ரகவாரியாகப் பார்த்தால் படமே வேறு. கேஎச்-101, அதே விமானங்களிலிருந்து வரும் பழைய ரகமான கேஎச்-555 இரண்டும் சேர்த்து சுமார் 78 சதவீதம். காலிபர் சுமார் 50. கேஎச்-22 ரகத்தில் வந்தது 362, வீழ்ந்தது 2. ஆக "உக்ரைன் பெரும்பாலான ஏவுகணைகளைத் தடுக்கிறது" என்பவரும் "உக்ரைனால் நான்கில் மூன்றைத் தடுக்க முடியவில்லை" என்பவரும் ஒரே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போடலாம்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் தவறியது?

ஒரு கேஎச்-101 காஸ்பியன் கடல் பக்கம் பறக்கும் விமானத்திலிருந்து கிளம்பி உக்ரைனில் ஒரு துணைமின் நிலையத்தை அடிக்க வேண்டும் என்று வையுங்கள். விமானத்திலிருந்து ஒழுங்காகக் கழல வேண்டும். இறக்கை விரிய வேண்டும். இன்ஜின் பற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாழப் பறந்து வழி தவறாமல் வர வேண்டும். இடையில் சுடப்படக் கூடாது, செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பும் ஜாமிங்கில் சிக்கக் கூடாது. கடைசியில் சரியான இடத்தில் விழ வேண்டும், விழுந்தது வெடிக்க வேண்டும். வெடித்தபின், அடித்த இடம் அடிக்கத் தகுந்ததுதானா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது.

இதில் எதைத் தோல்வி என்கிறார்கள் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது. ரஷ்யாவின் சில துல்லிய ஏவுகணைகளில் தோல்வி 60 சதவீதம் வரை போகிறது என்று பெயர் சொல்லாத அமெரிக்க அதிகாரிகள் சொன்னதாகச் செய்தி. உலகம் முழுக்கத் தலைப்பு "60 சதவீதம் தோல்வி" என்று ஓடியது. செய்தியைக் கீழே வரை படித்தால், அது நாளுக்கு நாள், ரகத்துக்கு ரகம் மாறும் எண் என்றும், விமானத்திலிருந்து ஏவும் குரூஸ் ஏவுகணைகளில் 20 முதல் 60 வரை என்றும் இருந்தது. ஏவும்போதே கோளாறானதும் விழுந்து வெடிக்காததும் இரண்டுமே தோல்விதான் அந்தக் கணக்கில். தனியாகச் சரிபார்க்க முடியவில்லை என்று ராய்ட்டர்ஸே எழுதியிருந்தது.

60 என்பது அந்த வீச்சின் உச்சி. சில ஏவுகணைகள், சில நாட்கள். நம் பக்கத்தில் அது "ரஷ்ய ஏவுகணைகளில் பாதிக்கு மேல் டப்பா" என்று வந்து சேர்ந்தது. போர் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நேரத்து மதிப்பீடு அது. 2025 வாக்குவாதத்திலும் அதையே தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தேதி பார்ப்பது என்ற எளிய பழக்கமே நிறையக் காப்பாற்றும்.

மூன்றாம் படி: எத்தனையில் எத்தனை?

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளை நமக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலேயே எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தார்கள் என்பது பேனரில் இருக்காது. ஏவுகணைக் கணக்கிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: கீழே இருக்கும் எண்ணில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்?

2024 ஜனவரி 13 அன்று ரஷ்யா ஏவுகணையும் ட்ரோனுமாக 40 அனுப்பியது என்றும், அதில் 8 மட்டுமே சுட்டு வீழ்த்தப்பட்டன என்றும் உக்ரைன் விமானப்படை சொன்னது. 8/40 என்றால் 20 சதவீதம், மோசமான நாள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. 20க்கு மேற்பட்டவை மின்னணு ஜாமிங்கால் இலக்கை அடையவில்லை என்றார்கள். அதைச் சேர்த்தால் 70 சதவீதத்துக்குப் போகிறது. ரஷ்ய ஆதரவாளர் 20ஐப் பிடித்துக்கொள்வார், உக்ரைன் ஆதரவாளர் 70ஐ. "இலக்கை அடையவில்லை" என்பது ஜாமிங்கால்தானா, சொந்தக் கோளாறா, ஏவியவர் குறித்த இலக்கு எது என்று கீவுக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் திறந்தே கிடக்கும் கேள்விகள். நான் இப்படிப்பட்ட எண்ணைத் தனியாக எழுதி வைப்பேன், சுட்டு வீழ்த்தியதோடு கூட்ட மாட்டேன்.

அடுத்தது ஏமாற்று ஏவுகணை. 2022 நவம்பரில் ரஷ்யா பழைய கேஎச்-55 ஏவுகணைகளின் அணுகுண்டுத் தலையைக் கழற்றிவிட்டு, எடைக்கு வேறு எதையோ வைத்து ஏவுகிறது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. விழுந்த பாகங்களை உக்ரைன் காட்டியது. அவற்றின் வேலை இடிப்பது அல்ல, எதிரியின் வான் பாதுகாப்பைச் செலவழிக்க வைப்பது. அப்படி ஒன்றைச் சுட்டால் உக்ரைன் கணக்கில் ஒரு வெற்றி கூடும். ரஷ்யக் கணக்கிலும் அது வெற்றிதான், அனுப்பிய வேலை முடிந்ததே! இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சரி, சதவீதம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது விளைவைச் சொல்லாது. 2024 ஏப்ரல் 11 அன்று கீவுக்குத் தெற்கே த்ரிபில்லியா அனல் மின் நிலையத்தை நோக்கி 11 ஏவுகணைகள் வந்தன. முதல் 7 வீழ்த்தப்பட்டன. எட்டாவதற்குச் சுட உக்ரைனிடம் ஏவுகணை கையிருப்பு இல்லை. மிச்சம் 4 போய் விழுந்தன, நிலையம் அழிந்தது. இதைச் சொன்னவர் செலென்ஸ்கியே, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில். பதினொன்றில் ஏழு என்றால் 64 சதவீதத் தடுப்பு. தலைப்பில் போட்டால் நல்ல எண். அந்த நிலையத்தின் மின்சாரத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

காலிபர் 50, கேஎச்-101 78 என்ற வித்தியாசத்தையும் இங்கே திரும்பப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம், ஒரே மாதிரித் தாழப் பறப்பவை. அப்படியிருக்க இந்த இடைவெளியை ஏவுகணையின் தரத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. எந்தப் பாதையில் வந்தது, எந்த ஊரை நோக்கி வந்தது, அங்கே அன்றைக்கு என்ன வான் பாதுகாப்பு நின்றது என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. "காலிபர் கேஎச்-101ஐ விடச் சிறந்தது" என்று இந்த அட்டவணையிலிருந்து முடிவெடுப்பவரை நம்பாதீர்கள்.

நான்காம் படி: சொல்பவருக்கு இதில் என்ன லாபம்?

2015 அக்டோபர் 7, புட்டினின் 63ஆவது பிறந்தநாள். காஸ்பியன் கடலில் நின்ற நான்கு ரஷ்யப் போர்க்கப்பல்கள் ஈரான், ஈராக் வான்வழியாக சுமார் 1500 கிலோமீட்டர் தள்ளியிருந்த சிரியாவுக்கு 26 காலிபர் ஏவுகணைகளை ஏவின. 11 இலக்குகளும் அழிக்கப்பட்டதாகப் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு கேமரா முன்னால் புட்டினிடம் சொன்னார். மறுநாள் சிஎன்என், குறைந்தது நான்கு ஏவுகணைகள் ஈரானிலேயே விழுந்துவிட்டதாக அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டியது. பெயர் இல்லாத ஆட்களை வைத்து நாங்கள் பேசுவதில்லை என்று ரஷ்ய ராணுவப் பேச்சாளர் கோனஷென்கோவ் கிண்டலாகப் பதில் சொன்னார். வடமேற்கு ஈரானில் தகாப் நகருக்கு அருகே அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று விழுந்து வெடித்ததாக ஈரான் ஊடகங்களில் ஒரு சின்னச் செய்தியும் வந்திருந்தது.

இதில் யாரை நம்புவது? அமெரிக்காவுக்கு ரஷ்ய ஆயுதத்தை மட்டம்தட்டுவதில் லாபம். ரஷ்யாவுக்கு முதல் போர்க்களப் பயன்பாடு குறையில்லாமல் முடிந்ததாகக் காட்டுவதில் லாபம். தகாப் பக்கம் விழுந்ததைச் சொல்வதில் ஈரானுக்கு எந்த லாபமும் இல்லை. ரஷ்யாவோடு ஒரே அணியில் நின்று, தன் வான்வெளியையும் திறந்துவிட்ட நாடு அது. அதனால் என் தராசில் அந்தச் சின்னச் செய்திக்கு மற்ற இரண்டையும்விட எடை அதிகம். நான்கு விழுந்ததை அது நிரூபிக்காது. "ஒன்றுகூட விழவில்லை" என்பதைச் சந்தேகிக்க அது போதும்.

இன்னொன்றும் உண்டு. சிஎன்என் சொன்னது முழுக்கச் சரி என்றாலும் 26இல் 22 போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஏவிய நான்கில் மூன்று, ஆயிரம் டன்கூட இல்லாத சிறிய கப்பல்கள். அவ்வளவு சின்னக் கப்பலிலிருந்து 1500 கிலோமீட்டர் அடிக்க முடியும் என்பதுதான் அன்றைக்கு உண்மையான செய்தி. நான்கா, பூஜ்யமா என்ற சண்டையில் அது அடிபட்டுப் போனது.

பக்கம் மாறினால் வசனமும் மாறும் என்பதற்கு சிரியாவே சாட்சி. 2017 ஏப்ரலில் ஷைராத் விமானதளத்தின் மீது அமெரிக்கா 59 டோமாஹாக் குரூஸ் ஏவுகணைகளை ஏவியது. 58 குறியை அடைந்தன என்றது பென்டகன், 23தான் வந்தன என்றது மாஸ்கோ. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் சேர்ந்து அடித்தபோது 105 ஏவுகணை, ஒன்றும் தடுக்கப்படவில்லை என்றது பென்டகன். 103 வந்தன, 71 வீழ்த்தப்பட்டன என்றது ரஷ்யத் தரப்பு. ரஷ்ய ஏவுகணைக் கணக்கை மட்டும் சந்தேகித்து, எதிர்த் தரப்பின் கணக்கைச் சும்மா விடுபவர் பாதி வேலைதான் செய்கிறார்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, சொல்பவருக்கே நஷ்டமான கூற்றை. இதற்கு நல்ல உதாரணம் கேஎச்-22. 2023 ஜனவரி 14 அன்று த்னிப்ரோ நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் ஏவுகணை விழுந்து 46 பேர் இறந்தார்கள். செலென்ஸ்கி அலுவலகத்தின் ஆலோசகர் அரெஸ்தோவிச், உக்ரைன் வான் பாதுகாப்பு சுட்டதால் அது கட்டடத்தின் மேல் விழுந்ததாக நேரலையில் சொல்லிவிட்டார். ரஷ்யத் தரப்பு உடனே அதைப் பிடித்துக்கொண்டது. உக்ரைன் விமானப்படைத் தளபதி ஒலெஷ்சுக் சொன்னது வேறு: அது கேஎச்-22, அதைச் சுட எங்களிடம் ஆயுதமே இல்லை, இதுவரை 210க்கு மேல் வந்தும் ஒன்றைக்கூட வீழ்த்தியதில்லை. எந்தப் படைத் தளபதி விரும்பி இப்படிச் சொல்வார்? அரெஸ்தோவிச் மன்னிப்புக் கேட்டு விலகினார். அப்புறம் 2024 ஏப்ரலில் முதல் முறையாக இரண்டு கேஎச்-22 வீழ்த்தியதாக விமானப்படை அறிவித்தது. நான்கு மாதம் கழித்து வந்த சிர்ஸ்கி அட்டவணையிலும் அதே 2. பல மாத இடைவெளியில் வெவ்வேறு ஆட்கள் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தினால் நம்பிக்கை கூடும்.

உக்ரைனின் மௌனத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். விழுந்த இடங்களைப் படமெடுத்துப் போடுவதற்கு அங்கே போர்க்காலக் கட்டுப்பாடு உண்டு. ராணுவ இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் வெளியே வராது; வீட்டின் மேல் விழுந்தால் உடனே வரும். 2023 மே 29 அன்று க்மெல்னித்ஸ்கி மாகாண நிர்வாகம், தாக்குதலில் ஐந்து விமானங்கள் பயன்படுத்த முடியாமல் போனதாக ஒப்புக்கொண்டது அபூர்வமான சம்பவம். எனவே செய்தியில் வருவதெல்லாம் வீடுகளாகவே இருக்கின்றனவே என்று பார்த்து, ரஷ்ய ஏவுகணை ஒன்றுகூட ராணுவ இலக்கில் விழுவதில்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஐந்தாம் படி: இரும்பைப் பாருங்கள்

வாயால் சொல்வது முடிந்தது, இனி பொருள். 2024 ஜூலை 8 காலை, கீவில் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனை தாக்கப்பட்டது. ரஷ்யா கைவிரித்தது, உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணைதான் விழுந்தது என்றது. நாசாம்ஸ் என்ற மேற்கத்திய வான் பாதுகாப்பு அமைப்பின் பெயரும் அடிபட்டது. ஆனால் அந்த ஏவுகணை இறங்குவதை ஒருவர் வீடியோ எடுத்திருந்தார்.

அந்த வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பாருங்கள். நீளமான உடல், பக்கவாட்டில் இறக்கை, வால் பக்கம் வயிற்றுக்குக் கீழே தொங்கும் ஓர் உருளை. அந்த உருளைதான் இன்ஜின். கேஎச்-101 ஏவப்பட்டபின் உடலுக்குள்ளிருந்து இன்ஜின் கீழே இறங்கித் தொங்கும்; அதன் அடையாளமே அதுதான். நாசாம்ஸ் சுடும் ஏவுகணை திட எரிபொருள் ராக்கெட், மெல்லியது, தொங்கும் இன்ஜின் கிடையாது. வெடிமருந்தும் சுமார் 20 கிலோதான். கேஎச்-101இல் அது 400 கிலோவைத் தொடும். இடிந்த கட்டடத்தைப் பார்த்தால் எது என்று சொல்லிவிடலாம். ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழுவும், இடைமறிக்கப்பட்டதன் சிதறல் அல்ல, நேரடியாகவே விழுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்றது.

புதியவர் பழக வேண்டிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கும். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் கூரை போன ஆலை தெரியும், சுவரில் விழுந்த ஓட்டை தெரியாது. மேகம் இருந்தால் எதுவும் தெரியாது, குளிர்கால உக்ரைனில் மேகம் இல்லாத நாள் குறைவு. நாசாவின் ஃபயர்ம்ஸ் வரைபடம் பெரிய தீயைப் புள்ளியாகக் காட்டும். இந்தப் புள்ளியைப் பார்த்து "ஆயுதக் கிடங்கு எரிகிறது" என்று எழுதுபவர்கள் ஏராளம். வயலில் வைக்கோலுக்கு வைத்த தீயும் அதே சிவப்புப் புள்ளிதான்.

உடைந்த துண்டுகளில் எழுத்தும் இருக்கும். 2022இல் ரஷ்யாவிடம் ஏவுகணை தீரப்போகிறது என்று பல வாய்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நவம்பரில் கீவில் விழுந்த கேஎச்-101 துண்டுகளின் வரிசை எண்களை கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பு ஆராய்ந்தது. அவை தடைகளுக்குப் பிறகு, சில மாதங்களுக்கு முன்னால்தான் தயாரானவை என்று தெரிந்தது. கையிருப்பு தீர்ந்தது என்ற கதையை ஒரு வரிசை எண் அடக்கியது.

ஆறாம் படி: பொறுங்கள்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 16 அன்று போலந்து வான்வெளிக்குள் ஒன்று நுழைந்து நாட்டின் நடுவரை பறந்து, பித்கோஷ்ச் நகருக்குப் பக்கத்துக் காட்டில் விழுந்தது. நேட்டோவின் பயிற்சி மையம் இருக்கும் நகரம் அது. குதிரைச் சவாரி போன ஒருவர் கண்ணில் அது பட்டது 2023 ஏப்ரலில். கேஎச்-55 என்று போலந்து ஊடகங்கள் எழுதின. ராடார், விமானப்படை எல்லாம் உள்ள நாட்டிலேயே நான்கு மாதம் ஆகியிருக்கிறது. நாம் இரவு பதினொரு மணிக்குத் தீர்ப்பு எழுத என்ன அவசரம்? 48 மணி நேரம் விட்டுப் படித்தால் முதல் நாள் கூச்சலில் பாதி தானே கழன்றுவிடும்.

ஏழாம் படி: சோதனைச் செய்தி என்றால் வகுத்துப் பாருங்கள்

போர்க்களத்துக்கு வராத ஆயுதங்களைப் பற்றிய கூற்றுகள் தனி ரகம். விழுந்த துண்டு கிடையாது, சுட்டவர் கிடையாது. புட்டின் 2018 மார்ச் 1 அன்று அறிவித்த புரெவெஸ்ட்னிக் அணுசக்தி குரூஸ் ஏவுகணையைப் பாருங்கள். எல்லையில்லாத் தூரம் என்றார். 2019 ஆகஸ்டில் வெண்கடலோரம் நியோனொக்சாவில் நடந்த வெடிப்பில் ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டத்தின் நிபுணர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அது இந்த ஏவுகணை தொடர்பான விபத்து என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. 2025 அக்டோபர் 26 அன்று தலைமைத் தளபதி கெராசிமோவ், அது 14,000 கிலோமீட்டரைச் சுமார் 15 மணி நேரத்தில் பறந்ததாக புட்டினிடம் சொன்னார்.

கால்குலேட்டரை எடுங்கள். 14,000ஐ 15ஆல் வகுத்தால் மணிக்கு 930 கிலோமீட்டர் சொச்சம். சென்னையிலிருந்து துபாய் போகும் பயணிகள் விமானத்தின் வேகம். அவர்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் இது ஒலியைவிட வேகமான ஆயுதம் அல்ல; "தடுக்கவே முடியாதது" என்று போட்ட சேனல்கள் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா? அதுவும் இல்லை. ரஷ்யாவின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான நோவாயா செம்லியாவில் சோதனை நடந்ததை நார்வே உளவுத்துறை உறுதி செய்தது. பறந்தது என்பதற்கு வெளிச் சாட்சி உண்டு, 14,000 என்பதற்கு ரஷ்யாவின் வார்த்தை மட்டுமே. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது

ஒரு தாக்குதலுக்கு ஒரு பக்கம் போதும். தேதி, ஏவுகணை ரகம், ஏவியதாக யார் சொன்ன எண், வீழ்த்தியது, "அடையவில்லை" என்று சொன்னது, விழுந்த இடம், கண்ணால் பார்க்கக்கூடிய ஆதாரம் என்ன. உக்ரைன் விமானப்படையின் காலை டெலிகிராம் அறிக்கையையும் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அன்றாட அறிக்கையையும் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக நேரடியாகப் படியுங்கள். இடையில் நிற்கும் சமூக ஊடகக் கணக்குகள்தான் எண்ணைத் தின்றுவிடுகின்றன. இரண்டு அறிக்கைகளும் எதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். ரஷ்ய அறிக்கையில் எத்தனை ஏவினார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது.

இந்திய வாசகருக்கு ஒரு கூடுதல் வரி

காலிபர் குடும்பத்தின் ஏற்றுமதி ரகம் கிளப். ரஷ்யாவில் செப்பனிடப்பட்ட நம் சிந்துவிஜய் நீர்மூழ்கியிலிருந்து 2007 இறுதியில் சோதித்தபோது கிளப் ஏவுகணை அடுத்தடுத்து ஆறு முறை தவறியது. சரிசெய்து தரும்வரை கப்பலை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று இந்தியக் கடற்படை நின்றது. மறு ஆண்டுதான் அது ஊர் திரும்பியது. காசு கொடுத்து வாங்குபவன் முகத்தாட்சண்யம் பார்ப்பதில்லை. ரஷ்ய ஆயுதங்களைப் பற்றி மேற்கத்திய உளவுத்துறை சொல்வதையும் மாஸ்கோ சொல்வதையும்விட, வாங்கிய நாடுகளின் சோதனைப் பதிவுகளைத் தேடிப் படிப்பது பயன் தரும். எட்டு ஆண்டு கழித்து அதே குடும்பத்து ஏவுகணைதான் காஸ்பியனிலிருந்து சிரியா வரை போனது என்பதையும் சேர்த்தே பாருங்கள். 2007இல் தவறியது 2015இலும் தவறும் என்பதில்லை.

பிரம்மோஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஓனிக்ஸ் ஏவுகணையிலிருந்து பிறந்தது அது, தஞ்சாவூர் விமானதளத்தின் சுகோய் படைப்பிரிவு 2020 முதல் அதைச் சுமக்கிறது. சிர்ஸ்கி அட்டவணையில் ஓனிக்ஸ் வீழ்த்தப்பட்ட விகிதம் சுமார் 6 சதவீதம்தான் என்பதைக் காட்டி, "பார்த்தீர்களா, பிரம்மோஸைத் தடுக்கவே முடியாது" என்று நம் ஆட்கள் எழுதுகிறார்கள். அந்த 6 என்பது உக்ரைனின் தெற்குக் கரையில், அன்றைக்கு அங்கே இருந்த வான் பாதுகாப்போடு, கரையிலிருந்து நில இலக்குகளை நோக்கி ரஷ்யா ஏவியபோது கிடைத்த எண். விமானத்திலிருந்து, வேறொரு நாட்டின் வான் பாதுகாப்பை எதிர்த்து, வேறு வழிகாட்டும் கருவியோடு போகும் ஏவுகணைக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. அதற்கு முதல் படியிலிருந்து தனியாக இன்னொரு பக்கம் போட வேண்டும்.